உங்கள் நாக்கே நடுவர்

அஞ்சாதீர்கள். டிசம்பர் குளிரில் பாரிஸிலோ லண்டனிலோ டொராண்டோவிலோ ஓர் ஒயின் கடைக்குள் காலெடுத்து வைக்கும் ஒவ்வொரு தமிழரிடமும் நான் சொல்ல நினைக்கும் முதல் சொல் அதுதான். எதிரே சுவர் முழுக்கச் சிவப்பும் வெள்ளையுமாகப் பாட்டில்கள். வாயில் நுழையாத ஊர்ப் பெயர்கள், கோட்டைப் படங்கள், தங்க எழுத்துகள், பதக்க முத்திரைகள். அவற்றைக் கண்டதும் உங்கள் தோள் ஏன் தொங்குகிறது? மொழி தெரியாத ஊரில் வந்து இறங்கி, வேலை தேடி, வீடு பிடித்து, வரிப் படிவம் நிரப்பக் கற்று, பிள்ளைகளை ஆளாக்கியவர் நீங்கள். அந்த ஊர் மருத்துவமனையில் இரவுப் பணி பார்ப்பவர். அந்த ஊர் உணவகத்தின் அடுப்படியைத் தாங்குபவர். அந்த ஊர் வங்கியின் கணினிகளை ஓட வைப்பவர். மேலாளர் வீட்டுக் கிறிஸ்துமஸ் விருந்துக்கு ஒரு பாட்டில் வாங்கிப் போக வேண்டும் என்றதும் மட்டும், ‘இதெல்லாம் நமக்கு எங்கே தெரியப்போகிறது’ என்று உள்ளுக்குள் ஒரு குரல் எழுகிறதே, அந்தக் குரலுக்கு அதிகாரம் கொடுத்தது யார்?

நீங்கள்தான் கொடுத்தீர்கள். நீங்களே பறித்துக்கொள்ளலாம். எப்படி என்று கேட்டால், ஒரு மே மாதத்துப் பாரிஸுக்கு உங்களை அழைத்துப் போகிறேன்.

1976, மே 24. பாரிஸில் ஒயின் கடையும் ஒயின் பள்ளியும் நடத்திவந்த ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேயர், தன்னோடு பணியாற்றிய பட்ரீஷியா கல்லகருடன் சேர்ந்து இன்டர்கான்டினென்டல் ஓட்டலில் ஒரு சுவைப் போட்டி வைத்தார். அமெரிக்கா விடுதலையை அறிவித்த 200-ஆம் ஆண்டு அது. கலிஃபோர்னியாவின் 6 வெள்ளை ஒயின்களுக்கு எதிரே பர்கண்டியின் 4 வெள்ளைகள். கலிஃபோர்னியாவின் 6 சிவப்புக்கு எதிரே போர்தோவின் 4 சிவப்புகள். தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்த 9 பேரும் பிரெஞ்சுக்காரர்கள். அந்த நாட்டு ஒயின் உலகின் தூண்கள். எந்தக் கோப்பையில் எந்த ஒயின் என்பது அவர்களுக்குத் தெரியாது. லேபிள் மறைக்கப்பட்டிருந்தது.

முடிவு என்ன தெரியுமா? வெள்ளையில் முதலிடம் கலிஃபோர்னியாவின் ஷாட்டோ மாண்டலீனா, 1973-ஆம் ஆண்டு ஷார்டொனே. சிவப்பில் முதலிடம் கலிஃபோர்னியாவின் ஸ்டாக்ஸ் லீப், 1973-ஆம் ஆண்டு கேபர்னே சொவிஞ்ஞோன். நாபா பள்ளத்தாக்கின் ஒரு வெள்ளையைச் சுவைத்த நடுவர் ஒருவர், இதோ மீண்டும் பிரான்சுக்கு வந்துவிட்டோம் என்று மகிழ்ந்தார். இன்னொருவர் பர்கண்டியின் உயர்ந்த வெள்ளைகளில் ஒன்றை முகர்ந்துவிட்டு, மணமே இல்லை, கலிஃபோர்னியாதான் என்று தள்ளினார். முடிவு அறிவிக்கப்பட்டதும் ஒரு நடுவர் தம் மதிப்பெண் தாளைத் திருப்பிக் கேட்டார். ஸ்பரியர் தரவில்லை. அந்த அறையில் இருந்த ஒரே பத்திரிகையாளர், ‘டைம்’ இதழின் ஜார்ஜ் டேபர், அதை உலகத்துக்குச் சொன்னார். வென்ற அந்த இரண்டு ஒயின்களின் பாட்டில்களும் இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

அந்த வெள்ளையைச் செய்தவர் யார்? மைக் கிர்கிச். 1923-இல் குரோஷியாவின் தெஸ்னே கிராமத்தில், 11 பிள்ளைகளில் கடைசியாகப் பிறந்தவர். 1954-இல் யூகோஸ்லாவியாவை விட்டு ஓர் அட்டைச் சூட்கேஸோடு வெளியேறி, ஜெர்மனி, கனடா வழியாக 1958-இல் நாபாவுக்கு வந்து சேர்ந்தார். அந்தச் சிவப்பைச் செய்தவர் யார்? வாரன் வினியார்ஸ்கி. சிகாகோ பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர். 1964-இல் மனைவியோடும் சிறு குழந்தைகளோடும் நாபாவுக்குக் குடிபெயர்ந்து, உதவியாளர் வேலையிலிருந்து தொழில் கற்றார். போர்தோவை வென்ற அந்தச் சிவப்பு, 1970-இல் நட்ட இளங்கொடிகளின் பழத்தில் பிறந்தது! தலைமுறை தலைமுறையாகச் செய்தால்தான் வரும் என்று உலகம் சொல்லிக்கொண்டிருந்ததை, மூன்றே வயதான கொடி பொய்யாக்கியது.

புலம்பெயர்ந்தவரே, நன்றாகக் கேளுங்கள். அட்டைச் சூட்கேஸோடு வந்த ஒருவர் பர்கண்டிக்கு முன்னால் போய் நின்றார். ஒயினைச் செய்வதற்கே அவருக்கு யாருடைய அனுமதிச் சீட்டும் தேவைப்படவில்லை. ஒரு பாட்டிலைத் தேர்ந்தெடுக்க உங்களுக்கு ஏன் தேவைப்படுகிறது?

அன்று தோற்றுப் போனது பிரெஞ்சு நாக்கு இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அந்த 9 பேரும் நேர்மையாகச் சுவைத்தார்கள். தங்களுக்குப் பிடித்ததற்கே மதிப்பெண் போட்டார்கள். தோற்றது லேபிள். 30 ஆண்டுகள் கழித்து, 2006-இல், அதே சிவப்பு ஒயின்களை மீண்டும் மறைத்துவைத்துச் சுவைத்தபோது முதல் ஐந்து இடங்களையும் கலிஃபோர்னியாவே பிடித்தது.

லேபிள் மனிதனை எவ்வளவு ஆட்டிப்படைக்கிறது என்பதை விஞ்ஞானிகள் தோலுரித்துக் காட்டியிருக்கிறார்கள். 2001-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், போர்தோவில் ஒயின் படிக்கும் 54 மாணவர்களிடம் ஒரு வெள்ளை ஒயினை மணமற்ற சாயத்தால் சிவப்பாக்கிக் கொடுத்தார்கள். சிவப்பு ஒயினுக்கு வழக்கமாகச் சொல்லும் மணங்களையே அவர்கள் அதற்கும் எழுதினார்கள். கண் சொன்னதை மூக்கு நம்பியது. 2008-இல் கலிஃபோர்னிய விஞ்ஞானிகள் வெளியிட்ட இன்னோர் ஆய்வில், ஒரே ஒயினை ஒரு முறை 10 டாலர் என்றும் இன்னொரு முறை 90 டாலர் என்றும் சொல்லிக் கொடுத்து, சுவைப்பவரின் மூளையைப் படம் பிடித்தார்கள். விலை ஏறியதும் இன்பத்தைப் பதிவுசெய்யும் பகுதியில் துடிப்பும் ஏறியது. அதே ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வு, 6,000-க்கும் மேற்பட்ட மறைசுவை முடிவுகளை அலசியது. விலை தெரியாதபோது சாதாரண மக்கள் விலை கூடிய ஒயினை அதிகம் விரும்பவில்லை. சொல்லப்போனால், கொஞ்சம் குறைவாகவே விரும்பினார்கள்.

நடுவர்கள் மட்டும் தப்பினார்களா? கலிஃபோர்னியாவில் சிறிய ஒயின் ஆலை நடத்திய ராபர்ட் ஹாட்ஜ்சன் என்ற ஓய்வுபெற்ற பேராசிரியர், மாநிலக் கண்காட்சிப் போட்டியில் ஒரே பாட்டிலிலிருந்து மூன்று கோப்பைகளை நிரப்பி, மற்றவற்றோடு கலந்து நடுவர்களிடம் கொடுக்க ஏற்பாடு செய்தார். மூன்றுக்கும் ஏறத்தாழ ஒரே தர மதிப்பெண் கொடுத்தவர்கள் சுமார் 10 சதவீதம் பேர்தான். பாட்டிலில் ஒட்டியிருக்கும் அந்தத் தங்கப் பதக்க ஸ்டிக்கரைப் பார்த்து இனியும் கைகட்டி நிற்பீர்களா?

இதைச் சொல்லி நிபுணரை இழிவுபடுத்த நான் ஒருபோதும் ஒப்பமாட்டேன். 2016-இல் சோனல் ஹாலண்ட் என்ற இந்தியப் பெண், ‘மாஸ்டர் ஆஃப் வைன்’ என்ற கடுமையான தேர்வை வென்று, அந்தப் பட்டம் பெற்ற முதல் இந்தியரானார். அந்த உழைப்பின் முன்னால் தலைவணங்குங்கள். நிபுணரிடம் கற்றுக்கொள்ளுங்கள், கேள்வி கேளுங்கள். ஆனால் உங்களுக்குப் பிடிக்கிறதா இல்லையா என்ற தீர்ப்பை மட்டும் யாரிடமும் ஒப்படைக்காதீர்கள். அந்த நாற்காலியில் உட்கார உலகத்தில் ஒருவருக்குத்தான் உரிமை உண்டு.

‘எங்கள் பரம்பரையில் இல்லாத பழக்கம், எனக்கு என்ன தெரியும்’ என்கிறீர்களா? நிமிர்ந்து உட்காருங்கள். புறநானூற்றின் 56-ஆம் பாட்டில், பாண்டியன் நன்மாறனைப் பாடும் நக்கீரர், யவனர் நல்ல கலங்களில் கொண்டுவந்த குளிர்ந்த மணமுள்ள மதுவைப் பேசுகிறார். புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது, மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து ஒயின் வந்த ஆம்போரா ஜாடிகளின் ஓடுகள் கிடைத்தன. நாபாவில் முதல் கொடி ஊன்றப்படுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே தமிழ்த் துறைமுகத்தில் ஒயின் இறங்கிவிட்டது. இந்தச் சரக்கு நமக்கு நேற்று அறிமுகமானதில்லை.

அதைவிடப் பெரிய சொத்து உங்கள் முகத்தின் நடுவிலேயே இருக்கிறது. பிரான்சின் வடக்கு ரோன் பகுதியிலும் ஆஸ்திரேலியாவிலும் சிரா என்ற திராட்சையில் செய்யும் சிவப்பில் மிளகு மணம் வரும். கவிஞர்களின் கற்பனை என்று பலர் நினைத்தார்கள். 2008-இல் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் அந்த மணத்துக்குக் காரணமான பொருளைப் பிரித்தெடுத்தார்கள். ரோட்டன்டோன் என்று பெயர். நம் கருமிளகின் மணத்துக்குக் காரணமும் அதே பொருள்தான்! கொல்லிமலை மிளகை அம்மியில் தட்டி ரசம் வைத்த வீட்டில் வளர்ந்த மூக்குக்கு, சிராவை அடையாளம் காட்ட வெளியிலிருந்து ஆசிரியர் வர வேண்டுமா? அதே ஆய்வில் இன்னொன்றும் தெரியவந்தது. சுவைத்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு அந்த மிளகு மணம் எட்டவே இல்லை. ஆகவே மேசையில் உங்களுக்கு எதிரே உட்கார்ந்திருப்பவர் மிளகு என்றால், உங்களுக்கு அது தெரியவில்லை என்றால், இருவருமே சரி. வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஓக் மரப் பீப்பாயில் ஊறிய ஒயினில் கிராம்பு மணம் எழும். கிராம்பிலும் நெருப்பில் வாட்டிய ஓக்கிலும் இருப்பது யூஜினால் என்ற ஒரே பொருள். அமெரிக்க ஓக்கில் ஊறினால் தேங்காய் வாசம் தூக்கும். ஆல்சாஸின் கெவுர்ஸ்ட்ரமீனரில் ரோஜாவும் லிச்சியும். ஆஸ்திரேலிய ரீஸ்லிங்கில் எலுமிச்சைத் தோல். நியூசிலாந்தின் சொவிஞ்ஞோன் பிளாங்கில் பச்சைக் குடைமிளகாய். கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அது மஸ்கட் ஹாம்பர்க் என்ற இனம். தேனிப் பக்கம் சாலையோரக் கூடையில் வாங்கித் தின்ற அந்தப் பழத்தின் மணத்தை நினைவில் வைத்துக்கொண்டு ஒரு மஸ்கட் வெள்ளை ஒயினை முகர்ந்து பாருங்கள், உறவு தெரிந்துவிடும். பதினைந்து மசாலாவை மணம் பார்த்தே பிரிக்கத் தெரிந்த மக்கள் நாம். நமக்கு மூக்கு போதாது என்று யார் சொன்னது?

வாய்க்கும் இதே கதைதான். சிவப்பு ஒயினை வாயில் வைத்ததும் ஈறும் நாக்கும் இறுகுகிறதே, அது டானின் தரும் துவர்ப்பு. நெல்லிக்காயிலும் வாழைப்பூவிலும் பாக்கிலும் நீங்கள் சிறுவயதிலேயே பழகிய அதே துவர்ப்பு. திராட்சையின் தோலிலும் விதையிலும் அது இருக்கிறது. சிவப்பு ஒயின் தோலோடு சேர்ந்து நொதிக்கிறது. அதனால் நிறமும் துவர்ப்பும் வருகின்றன. வெள்ளை ஒயினுக்குச் சாற்றைப் பிழிந்து தோலை நீக்கிவிட்டு நொதிக்க வைக்கிறார்கள். அங்கே ஆட்சி செய்வது புளிப்பு. சிவப்புக்கும் வெள்ளைக்கும் உள்ள பெரிய வேறுபாடு இவ்வளவுதான். கருப்புத் திராட்சையின் சாறும் பெரும்பாலும் நிறமற்றதே. அதனால்தான் பினோ நுவார் என்ற கருந்திராட்சையிலிருந்தும் பொன்னிற ஷாம்பெய்ன் பிறக்கிறது. புளிப்பு, துவர்ப்பு, இனிப்பு, சாராய வீரியம் ஆகிய நான்கையும் உங்கள் நாக்கு பிரித்துச் சொல்லும் என்றால், விருந்துக்கு ஒயின் தேர்ந்தெடுக்கத் தேவையான அறிவு உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.

இனி மேசைக்கு வருவோம். இங்கேதான் துணிவு வேண்டும்.

அமெரிக்காவில் நவம்பர் நான்காவது வியாழன் தேங்க்ஸ்கிவிங், வான்கோழி. ஐரோப்பாவில் கிறிஸ்துமஸுக்கும் பல வீடுகளில் அதே பறவை. வான்கோழி இறைச்சி கொழுப்புக் குறைந்தது, எளிதில் வறண்டுவிடும். அதன்மேல் கடும் துவர்ப்புள்ள கேபர்னேவை ஊற்றினால் வாய் மேலும் வறளும். விலை கூடியது என்பதற்காக அதை எடுக்காதீர்கள். துவர்ப்புக் குறைந்த, பழமணமும் புளிப்பும் உள்ள பினோ நுவாரை எடுங்கள். அல்லது பொஜொலே பகுதியின் மோர்கோன், ஃபுளரி போன்ற ஊர்ப் பெயர் தாங்கிய கமே ஒயின்களை எடுங்கள். ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் மூன்றாவது வியாழனன்று வெளிவரும் பொஜொலே நுவோவும் அந்தத் திராட்சைதான். தேங்க்ஸ்கிவிங் மேசைக்கு ஒரு வாரம் முன்பே கடையில் வந்து நிற்கும். வெள்ளைதான் பிடிக்கும் என்றால், பீப்பாயில் ஊறிய ஷார்டொனே வான்கோழியின் பக்கத்தில் கம்பீரமாக நிற்கும். பறவைக்கு வெள்ளை, கால்நடைக்குச் சிவப்பு என்று யாராவது விதி பேசினால், அது வழிகாட்டி, கட்டளை கிடையாது என்று அமைதியாகச் சொல்லுங்கள்.

தேன் பூசிச் சுட்ட ஹாம் வந்தால் லேசான இனிப்புள்ள ரீஸ்லிங். பிரான்சில் கிறிஸ்துமஸ் இரவு விருந்தில் முதலில் சிப்பி வரும். புளிப்பு மிகுந்த மஸ்கடேயோ ஷப்லீயோ அதற்கென்றே பிறந்தவை. கொழுத்த வாத்து ஈரலோடு சொத்தேர்ன் என்ற இனிப்பு வெள்ளையை வைப்பது அங்கே பழைய வழக்கம். மாட்டிறைச்சியும் ஆட்டுத்தொடையும் நெருப்பில் வாட்டி வரும்போதுதான் கேபர்னேவுக்கும் போர்தோவுக்கும் ரியோஹாவுக்கும் நேரம். இறைச்சியின் புரதமும் கொழுப்பும் டானினைத் தணிக்கும். தனியாகக் குடித்தபோது முரடாக இருந்த ஒயின் அங்கே பதமாகிவிடும்.

நம் வீட்டுக் கிறிஸ்துமஸ்? பாரிஸின் லா ஷப்பேலிலும் டொராண்டோவின் ஸ்கார்பரோவிலும் தமிழ்க் கிறிஸ்தவர் வீட்டு மேசையில் பிரியாணியும் கோழிப் பொரியலும் ஆட்டுக்கறிக் குழம்பும்தானே இருக்கும்! இதைப் பற்றி வெளிநாட்டுப் புத்தகங்கள் அதிகம் பேசுவதில்லை. நீங்களே பேசுங்கள். மிளகாயின் எரிச்சலைச் சாராயமும் துவர்ப்பும் கூட்டும்; இனிப்பு தணிக்கும். அதனால் 14, 15 சதவீதச் சாராயம் உள்ள முரட்டுச் சிவப்பைத் தள்ளி வையுங்கள். 8 அல்லது 9 சதவீதமே உள்ள ஜெர்மன் ‘காபினெட்’ ரீஸ்லிங்கைக் குளிர வைத்து ஒரு வாய் பிரியாணியோடு சுவைத்துப் பாருங்கள். கெவுர்ஸ்ட்ரமீனரை மசாலாவோடு நிறுத்திப் பாருங்கள். மிளகு போட்டு வறுத்த ஆட்டுக்கறி, காரம் அளவாக இருந்தால், சிரா கலந்த கோத் டு ரோனோடு கைகோக்கும். காரணத்தை மேலே சொல்லிவிட்டேன். வெள்ளைக்கார விருந்தினர் வந்தாலும் தயங்காமல் இதை முன்வையுங்கள். உங்கள் சமையலுக்கு எது பொருந்தும் என்பதில் அந்த அறையிலேயே பெரிய நிபுணர் நீங்கள்தான்.

கடைக்குள் எப்படி நடந்துகொள்வது? நேராகப் போய்ப் பேசுங்கள். என்ன சமைக்கிறார்கள், எத்தனை பேர், என் கையில் எவ்வளவு பணம் என்ற மூன்றையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். பணத்தைச் சொல்ல வெட்கப்படுகிறவர்கள்தான் தேவைக்கு மேல் செலவழித்துவிட்டு வீட்டில் வந்து வருந்துகிறார்கள். 15 யூரோதான் என்று தலைநிமிர்ந்து சொல்லுங்கள்; நல்ல கடைக்காரர் உங்களை மதிப்பார். மதிக்காதவர் கடையை விட்டு வெளியேறுங்கள். 750 மில்லி பாட்டிலில் 150 மில்லி வீதம் ஐந்து கோப்பை வரும். அந்தக் கணக்கில் வாங்குங்கள்.

பிரெஞ்சு லேபிளில் திராட்சையின் பெயர் பெரும்பாலும் இருக்காது, ஊரின் பெயர் இருக்கும். அதைக் கண்டு மிரளாதீர்கள். ஷப்லீ என்றால் ஷார்டொனே. சான்செர் வெள்ளை என்றால் சொவிஞ்ஞோன் பிளாங். பர்கண்டி சிவப்பு என்றால் பெரும்பாலும் பினோ நுவார். பொஜொலே சிவப்பு என்றால் கமே. இத்தாலியின் பரோலோவில் நெபியோலோ. ஸ்பெயினின் ரியோஹாச் சிவப்பில் முதன்மையாக டெம்ப்ரனியோ. ரியோஹாச் சிவப்பில் ‘கிரியான்சா’ என்றால் குறைந்தது 2 ஆண்டு, ‘ரெசர்வா’ என்றால் 3, ‘கிரான் ரெசர்வா’ என்றால் 5 ஆண்டு ஊறியது. ஜெர்மன் பாட்டிலில் ‘ட்ரொக்கன்’ என்றிருந்தால் இனிப்பற்றது. எண்பது ரயில் நிலையப் பெயர்களை மனப்பாடம் செய்து வேலைக்குப் போய்வருகிற உங்களுக்கு இந்தப் பத்துப் பெயர்கள் ஒரு பொருட்டா?

திருகுமூடி போட்ட பாட்டில் மலிவு என்று ஒதுக்காதீர்கள். 2000-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் கிளேர் பள்ளத்தாக்கு ரீஸ்லிங் தயாரிப்பாளர்கள் பலர், தங்கள் ஒயினின் புத்துணர்வைக் காக்கத் தெரிந்தே திருகுமூடிக்கு மாறினார்கள். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: பிரான்சில் விருந்து வைப்பவர் தன் சமையலுக்கேற்ற ஒயினை முன்பே தேர்ந்து வைத்திருப்பார். நீங்கள் கொடுத்ததை அன்றிரவு திறக்கவில்லை என்றால் அது அவமதிப்பாகாது. மனம் சுருங்காதீர்கள்.

உணவகத்தில் வரும் சோதனை வேறு மாதிரி. பரிமாறுபவர் பாட்டிலைக் காட்டி, திறந்து, உங்கள் கோப்பையில் ஒரு மடக்கு ஊற்றிவிட்டுக் காத்து நிற்கிறார். மேசையில் உள்ள அத்தனை கண்களும் உங்கள் மேல். எத்தனை பேர் அந்த நொடியில் வியர்த்துப் போய், சுவைக்காமலேயே தலையாட்டியிருக்கிறார்கள்! அவர் கேட்பது உங்கள் ரசனைக்கு மதிப்பெண் போட அல்ல. ஒயின் கெட்டிருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறார். கார்க்கிலிருந்து வரும் டி.சி.ஏ. என்ற பொருள் ஒரு லிட்டரில் சில நானோகிராம் இருந்தாலே போதும், மழையில் நனைந்த அட்டைப்பெட்டி வாடை அடிக்கும். பழமணம் செத்துவிடும். எவ்வளவு விலை உயர்ந்த பாட்டிலிலும் இது நேரலாம். அவசரப்படாதீர்கள். கோப்பையைச் சுழற்றுங்கள், மூக்கை உள்ளே விடுங்கள், ஒரு மடக்குக் குடியுங்கள். நன்றாக இருந்தால் நன்றி சொல்லுங்கள். ஈர அட்டை வாடை வந்தால், இது கெட்டிருக்கிறது, வேறு பாட்டில் கொடுங்கள் என்று தெளிவாகச் சொல்லுங்கள். குரல் உயர வேண்டாம், நடுங்கவும் வேண்டாம். காசு கொடுப்பவர் நீங்கள். கெட்டதைக் கெட்டது என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு.

குளிர்காலத்தில் வெப்பமூட்டிய வீட்டில் சிவப்பை மேசையிலேயே விட்டுவிடாதீர்கள்; அரை மணி நேரம் குளிர்பெட்டியில் வைத்து எடுங்கள். வெள்ளையை எடுத்த உடனே ஊற்றாமல் கால் மணி நேரம் வெளியே விடுங்கள். சிவப்புக்கு 15 முதல் 18 டிகிரி, வெள்ளைக்கு 8 முதல் 12. நுரை ஒயினைத் திறக்கும்போது கார்க்கைக் கையால் இறுகப் பிடித்துக்கொண்டு பாட்டிலைத் திருப்புங்கள்; உள்ளே சுமார் 6 வளிமண்டல அழுத்தம் இருக்கிறது, யாருடைய முகத்துக்கும் நேரே காட்டாதீர்கள்.

தன்னம்பிக்கைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. அது நீண்ட பொறுமை. 1855-இல் பாரிஸ் கண்காட்சிக்காக போர்தோ ஒயின்களைத் தரகர்கள் விலையை வைத்தே தரம் பிரித்தபோது, முத்தோன் தோட்டம் இரண்டாம் தரத்தில் தள்ளப்பட்டது. 1922-இல், 20 வயதில், ஃபிலிப் தெ ரோத்ஷில்ட் அந்தத் தோட்டத்தைக் கையில் எடுத்தார். வணிகரிடம் பீப்பாயாக விற்றுவந்ததை மாற்றி, 1924 முதல் தோட்டத்திலேயே பாட்டிலில் அடைத்தார். ஒயினை மெருகேற்றிக்கொண்டே, அரசின் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார். 1973-இல் முத்தோன் முதல் தரமானது. ஆணையில் கையெழுத்திட்டவர் அன்றைய வேளாண் அமைச்சர் ஜாக் சிராக். அரை நூற்றாண்டுப் போராட்டம்! பணமும் குடும்பப் பெயரும் இருந்த ஒருவருக்கே ஒரு பட்டியலில் ஒரு படி ஏற 50 ஆண்டு பிடித்தது. நீங்கள் ஒரு விருந்தில் ஒரு பாட்டில் சரியாக அமையவில்லை என்றதும் ஏன் சோர்ந்துவிடுகிறீர்கள்? எது பிடித்தது, எது பிடிக்கவில்லை என்று கைப்பேசியில் குறித்து வையுங்கள். அடுத்த விருந்தில் அந்தக் குறிப்பு உங்களைப் பேச வைக்கும்.

குடிக்காதவரே, உங்களுக்கும் சொல்ல வேண்டும். ஒயினைப் பற்றி அறிவது வேறு, குடிப்பது வேறு. மதுவில் உடலுக்குத் தீங்கற்ற அளவு என்று எதுவும் இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் வெளிப்படையாக அறிவித்தது. வண்டி ஓட்டுபவர், கருவுற்றவர், மருந்து உட்கொள்பவர், மதம் தடுப்பவர், மனம் விரும்பாதவர் எல்லோரும் கோப்பையின் மேல் கையை வைத்து, எனக்கு வேண்டாம், நன்றி என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. ஊர் வழக்கம் என்பதற்காகப் பிடிக்காததை விழுங்குவதும், லேபிளுக்குப் பயந்து பிடிக்காததை வாங்குவதும் ஒரே அடிமைத்தனம். இரண்டையும் உதறுங்கள். குடிப்பவரும் அளவோடு நிறுத்துங்கள். போதும் என்று சொல்லத் தெரியாதவருக்கு எந்த ஒயினின் சுவையும் தெரியப்போவதில்லை.

இந்த டிசம்பரில் ஒரு காரியம் செய்யுங்கள். வீட்டுக்கு நண்பர்களை அழையுங்கள். ஆளுக்கொரு பாட்டில் கொண்டுவரச் சொல்லுங்கள். விலை குறைந்ததும் கூடியதும் கலந்து இருக்கட்டும். ஒவ்வொன்றையும் ஒரு காகிதப் பையில் நுழைத்து எண் போடுங்கள். ஸ்பரியர் பாரிஸில் செய்ததும் ஏறத்தாழ இதுதான். எல்லோரும் சுவைத்து, பேசாமல், தனித்தனியாக மதிப்பெண் எழுதுங்கள். பிறகு பைகளைக் கழற்றுங்கள். வந்த முடிவை மாற்றாமல் ஏற்றுக்கொள்ளுங்கள். உங்கள் நாக்கு எந்த எண்ணைத் தேர்ந்ததோ, அந்தப் பாட்டிலின் பெயரை எழுதி எடுத்துக்கொண்டு கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் கடைக்குப் போங்கள். யாரையும் திரும்பிப் பார்க்காமல் அதையே கேட்டு வாங்குங்கள்.